வியர்வை காயாத மாதங்களில் மலைப்பாதை ஓட்டம்: மொரீசியஸ் கோடைக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் நாகப்பட்டினத்துக்காரி. புழுக்கம் எனக்குப் பிறவியிலேயே பழக்கம் என்று நம்பிக்கொண்டுதான் இந்தத் தீவுக்கு வந்தேன். வந்த முதல் பிப்ரவரியில், காலை எட்டரை மணிக்கு, மேற்குக் கரையில் ஒரு கரும்புத் தோட்டப் பாதையில் ஓடப் போனேன். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. ஆறாவது கிலோமீட்டரில் பின்கழுத்து சில்லிட்டது, கையில் மயிர் சிலிர்த்தது. அந்த வெயிலில் குளிர்கிறதே, நல்லதுதானே என்று தோன்றியது. எட்டாவது கிலோமீட்டரில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஓரமாகக் களை வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தன் கேனில் இருந்த தண்ணீர் முழுவதையும் என் தலையில் கவிழ்த்தார். "தூஸ்மான், தூஸ்மான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிரியோலில் அதற்கு 'மெதுவா, மெதுவா' என்று பொருள். நான் கற்ற முதல் கிரியோல் சொல் அது.

அதற்குப் பிறகு பதினோரு கோடை ஓடியாகிவிட்டது. இங்கே கோடை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். புழுக்கமும் மழையும் கூடிவரும் மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். இந்தத் தீவின் பெரிய ட்ரெயில் (மலைப்பாதை ஓட்ட) போட்டிகளோ மே மாதத்திலும் ஜூலையிலும் வருகின்றன. அதனால் பயிற்சியின் கனமான பகுதி இந்த மாதங்களின் தலையில்தான் விழும். ஊரிலிருந்து வேலைக்காக இங்கே வந்திருப்பவர்கள், இங்கேயே பிறந்து இப்போதுதான் ஓடத் தொடங்குகிறவர்கள், பக்கத்துத் தீவான ரெயூனியனின் கிராண்ட் ரெய்டு போட்டி மீது கண் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அந்தப் போட்டியின் பெரிய ஓட்டம் 160 கி.மீ.க்கு மேல், ஏறக்குறைய 10,000 மீட்டர் ஏற்றம். அக்டோபரில்தான் நடக்கிறது என்றாலும் அதற்கான அடித்தளத்தைக் கோடையில் போட்டாக வேண்டும்.

முதல் படி: வியர்வையின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். மீதி எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஓடும்போது உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளிவருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் 10 கி.மீ. ஓடினால் சுமார் 600 கலோரி செலவாகும். அதில் 450 கலோரிக்கு மேல் வெப்பம். இந்த வெப்பத்தை வெளியேற்ற உடலிடம் இருக்கும் பெரிய கருவி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அப்படியானால் அந்த 10 கி.மீ.க்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேலான வியர்வை போதும்.

ஆனால் அது ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டி மண்ணில் விழும் வியர்வை ஒரு கலோரியைக்கூட எடுத்துச் செல்வதில்லை. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தோலின் ஈரம் போய்ச்சேர இடமில்லை. உடலோ, குளிரவில்லையே என்று இன்னும் அதிகமாகச் சுரக்கும். இதயம் தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்பத் திணறும். அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போவது இதனால்தான்.

சரி, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எப்படி அறிவது? பெரும்பாலோர் ஈரப்பத சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். விடிகாலையில் 22 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். பிற்பகலில் 31 டிகிரி, 65 சதவீதம். எண்ணைப் பார்த்தால் பிற்பகல் வறண்டதாகத் தெரியும். உண்மையில் காற்றில் இருக்கும் நீராவி பிற்பகலில்தான் அதிகம். சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடுதல் என்பதால் சதவீதம் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது பனிநிலை. காற்றை எத்தனை டிகிரி வரை குளிரவைத்தால் அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலை அது. பெரும்பாலான வானிலைச் செயலிகளில் இந்த எண் உண்டு. மேலே சொன்ன விடிகாலையின் பனிநிலை சுமார் 21, பிற்பகலுடையது ஏறக்குறைய 24. ஓடக் கிளம்புமுன் நான் பார்க்கும் ஒரே எண் இதுதான். என் அனுபவத்தில் வகுத்துக்கொண்ட அளவு இது:

பனிநிலை 18க்குக் கீழே இருந்தால் வழக்கம்போல் ஓடலாம். கோடையில் இது மேட்டுநிலத்தில் எப்போதாவது கிடைக்கும் வரம்.
18 முதல் 20 வரை என்றால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.
21 முதல் 23 வரை என்பது இங்கே சாதாரணக் கோடை நாள். நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள், வேகத்தை மறந்துவிடுங்கள்.
24க்கு மேல் போனால் ஏற்றமெல்லாம் நடை, மொத்தம் ஒரு மணி நேரம். அந்த நாட்களில் கடினப் பயிற்சி வேண்டாம்.

வெயிலும் காற்றோட்டமும் இதோடு சேரும். பனிநிலை 22 இருந்தும் முகட்டில் தென்கிழக்குக் காற்று வீசினால் சுகமாக ஓடலாம். அதே 22இல் கரும்புக்குள் மாட்டிக்கொண்டால் என் முதல் பிப்ரவரி மாதிரி ஆகும்.

இரண்டாம் படி: உடலுக்கு 14 நாள் கொடுங்கள்

புழுக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. எபென் பக்கம் குளிரூட்டிய அலுவலகத்தில் எட்டு மணி நேரம், குளிரூட்டிய காரில் ஒரு மணி நேரம் என்று வாழும் உடலுக்கு வெப்பப் பழக்கம் கிடையாது. அது சம்பாதிக்க வேண்டிய ஒன்று. நல்ல செய்தி, பத்து முதல் பதினான்கு நாளில் சம்பாதித்துவிடலாம்.

முதல் ஐந்து நாளுக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் நாடித்துடிப்பு இறங்குகிறது. அதற்கடுத்த நாட்களில் வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, அளவும் கூடுகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. இந்த மாற்றங்கள் வர, உடல் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம்வரை சூடாகி வியர்க்க வேண்டும். வீட்டில் விசிறியடியில் உட்கார்ந்தால் வராது, ஒரே நாளில் மூன்று மணி நேரம் வதைத்தாலும் வராது.

நான் ஒவ்வொரு நவம்பரிலும் செய்வது: முதல் மூன்று நாள் 30 முதல் 40 நிமிடம், பாதி நடை, பாதி மெல்லோட்டம், சமதரையில். நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை 45 முதல் 60 நிமிடம். சின்ன மேடுகள் சேர்க்கலாம், நடந்து ஏற வேண்டும். இரண்டாம் வாரம் 60 முதல் 75 நிமிடம். ஒரு நாள் மட்டும் 90 நிமிடம் மலைப்பாதையில். இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் ஒன்றும் கெடாது. தொடர்ந்து ஒரு வாரம் விட்டால் கரையத் தொடங்கிவிடும். மூன்று நான்கு வாரம் விட்டால் பெரும்பகுதி போய்விடும். டிசம்பரில் ஐரோப்பாவில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓடாதீர்கள். தேறிய பிறகும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ரத்த அழுத்தத்துக்காக நீர்போக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இந்தத் தீவில் அதிகமாக இருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களும், தொடங்குமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொரு விஷயம் நமக்கே உரியது. தைப்பூசக் காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு முந்தைய பத்து நாள் பலரும் விரதம் இருப்போம். ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கும் நாட்களில் நான் ஓடுவதில்லை, மாலையில் நடக்கிறேன். காவடியன்று காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்கு, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஏறுவதே அந்த வாரத்தின் பயிற்சி. என்னோடு ஓடும் அக்கா, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழாசிரியை, முதல் ஆண்டே என்னிடம் சொன்னார்: "காவடி எடுக்கிறவங்களைப் பாரு. யாராவது ஓடுறாங்களா? வழியெல்லாம் நிழல்ல நின்னு, கால்ல தண்ணி வாங்கிட்டுத்தான் போறாங்க." நிழலில் நின்று நின்று ஏறுவதை நான் அவர்களைப் பார்த்துத்தான் கற்றேன்.

மூன்றாம் படி: நேரத்தையும் இடத்தையும் காற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

ஜனவரித் தொடக்கத்தில் ஐந்தரை மணி தாண்டியதும் சூரியன் எட்டிப்பார்த்துவிடும். ஐந்து மணிக்குத் தலைவிளக்கோடு தொடங்கி ஏழரைக்குள் முடிப்பதுதான் என் விருப்பம். விடிகாலையில் ஈரப்பத சதவீதம் உச்சத்தில் இருந்தாலும் வெயில் இல்லை, தரை குளிர்ந்திருக்கும். மாலை ஓட்டத்தில் கருங்கல் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பிக் கொடுக்கும். கோடையில் பிற்பகல் மழையும் சேர்ந்துகொள்ளும். வேறு வழியில்லாத நாட்களில் மட்டும் மாலை.

இடம் தேர்வதில் மூன்று விஷயங்களை எடைபோடுங்கள்: உயரம், காற்று, நிழல்.

ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். கடற்கரையைவிட, ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்திலுள்ள கியூர்பிப் பக்கம் மூன்று டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும். இந்தத் தீவுக்குத் தென்கிழக்கிலிருந்துதான் காற்று வருகிறது. அதனால் மேற்குக் கரை மலைகளின் மறைவில் காற்றின்றி வேகும். மழை குறைவு, வெயில் அதிகம். மேட்டுநிலத்தில் மழை பல மடங்கு. பாதை சேறாக இருக்கும், ஆனால் உடல் பிழைக்கும். கோடையில் சேற்றைத் தேர்ந்தெடுங்கள்.

கரும்புத் தோட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவடை ஜூன் மாத வாக்கில் தொடங்கி ஆண்டின் கடைசி மாதங்கள் வரை நடக்கும். அறுத்த வயலில் காற்று தாராளமாக வரும், தூரத்து மலை தெரியும். ஜனவரிக்கு மேல் கரும்பு ஆளை மறைக்கும் சுவராகிவிடும். உள்ளே காற்று புகாது, தலைக்கு மேல் மட்டும் வெயில். நடுவே குவித்துவைத்த கருங்கல் மேடுகளைப் பார்க்கும்போதெல்லாம், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் இதே புழுக்கத்தில், இதே சுவர்களுக்கு நடுவே, வயலைச் சீர்ப்படுத்த ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி அடுக்கினார்களே என்று நினைத்துக்கொள்வேன். ஓட வேண்டுமானால் அறுத்த பக்கத்தில் ஓடுங்கள். ஜனவரி முதல் மே வரை அந்தப் பாதைகளை விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்த கோடைப் பாதைகள் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் இருக்கின்றன. 1994இல் அமைந்த பூங்கா, 6,500 ஹெக்டேருக்கு மேல். மேட்டில் பெத்ரினிலிருந்து மக்காபே காட்டுக்குள் போகும் அகலமான பாதை நிழலானது, பெரும்பகுதி சமதளம். வெப்பப் பழக்கத்தின் இரண்டாம் வாரத்துக்கு இதைவிட நல்ல இடம் தெரியாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மக்காபேயிலிருந்து கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கும் செங்குத்துப் பாதை ஆசைகாட்டும். காலையில் குளிரில் துள்ளி இறங்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகு அதே செங்குத்தில் காற்றில்லாமல் திரும்பி ஏற வேண்டும். கோடையில் இதைத் தலைகீழாகப் போடுங்கள்: கீழே பூங்காவின் வரவேற்பு மையத்திலிருந்து இருட்டிலேயே தொடங்கி, குளிரில் ஏறி, மேட்டில் ஓடி, வெயிலில் இறங்குங்கள். உடல் அதிக வெப்பம் உண்டாக்குவது ஏற்றத்தில்தான். அதைக் குளிர்ந்த நேரத்துக்குத் தள்ள வேண்டும். இந்த விதி எந்த மலைக்கும் பொருந்தும்.

நேரம் குறைவென்றால் லெ பூஸ். 812 மீட்டர், 1836இல் டார்வின் ஏறிய மலை. தோள்பட்டை போன்ற முகட்டை எட்டியதும் காற்று முகத்தில் அடிக்கும். தீவின் உச்சியான 828 மீட்டர் பிதோன் தெ லா பெதித் ரிவியேர் நுவார் மழைக்குப் பிறகு வழுக்கும். கடைசிப் பகுதியை நடந்தே ஏறுங்கள். லெ மோர்னை நான் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறேன். 556 மீட்டர்தான், ஆனால் தென்மேற்கு மூலை. மேல்பகுதி வெயிலில் கிடக்கும் பாறை. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த அந்த மலையில் அவசரமில்லாமல் ஏறுவதே சரி.

அப்புறம் மழை. 2013 மார்ச் 30ஆம் தேதி போர்ட் லூயியில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மலையில் பெய்த மழை நகரத்துக்கு வர அதிக நேரம் பிடிக்காது, பள்ளத்தாக்குக்கு அதைவிடக் குறைவு. கனமழை எச்சரிக்கை இருந்தால் ஆறு குறுக்கிடும் பாதை வேண்டாம். ஓடும்போது ஓடையின் நிறம் கலங்கலாக மாறினால் கடக்காமல் திரும்புங்கள். புயல் எச்சரிக்கையின் முதல் நிலையான ஒன்றாம் வகுப்பை அறிவித்ததுமே மலைத் திட்டத்தை ரத்து செய்யுங்கள். பலத்த காற்று ஓய்ந்த பிறகும் சில நாள் காட்டில் முறிந்த கிளைகள் தொங்கும்.

நான்காம் படி: உங்கள் வியர்வையை அளந்து, அதற்கேற்பக் குடியுங்கள்

'ஒரு மணிக்கு இத்தனை மி.லி.' என்று எல்லோருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் போதும். ஓடுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள், குடித்த அளவைக் குறியுங்கள். திரும்பி வந்து துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். முன்பு 62.0 கிலோ, பிறகு 60.9, நடுவே குடித்தது அரை லிட்டர் என்றால், வியர்த்தது 1.6 லிட்டர். இதைப் பனிநிலை 20 உள்ள ஒரு நாளும் 23 உள்ள ஒரு நாளும் செய்து குறித்து வையுங்கள்.

போனது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட முயல வேண்டாம். வயிறு அவ்வளவு வேகமாக வாங்காது. தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள். எடை இழப்பு இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. முக்கியமான எச்சரிக்கை: ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள். நீண்ட ஓட்டங்களில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலையில் இன்னும் தண்ணீர் கொடுப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்பும் சர்க்கரையும் வேண்டும். நான் எடுத்துச் செல்வது பானகம். கடைகளில் விற்கும் பொடியை வாங்கிப் பார்த்திருக்கிறேன். இதைவிட வயிற்றுக்கு ஒத்துப்போனது எதுவுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சையின் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, இடித்த இஞ்சி ஒரு சிட்டிகை. வெல்லம் கிடைக்காவிட்டால் இந்தத் தீவின் கருப்பு மஸ்கவாடோ சர்க்கரை அருமையாகப் பொருந்தும். நன்றாக வடிகட்டுங்கள், இல்லையென்றால் முதுகில் மாட்டும் நீர்ப்பையின் குழாய் அடைத்துக்கொள்ளும். ஓட்டத்துக்குப் பின் தொப்பியில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படிகிறவர்கள் உப்பை அரைத் தேக்கரண்டி வரை கூட்டலாம். இரவே கலந்து, பாதியை உறைய வைத்து, காலையில் மீதியை ஊற்றிக்கொண்டால் முதல் ஒரு மணி நேரம் முதுகில் குளிர்ச்சியும் இலவசம்.

இளநீர் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய. வியர்வையில் பெரிதும் போவது சோடியம். ஓடி முடித்தபின் குடியுங்கள், கூடவே உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள். வலி மாத்திரைகளில் ஐபுபுரோஃபன் வகையை நீண்ட வெயில் ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் தொடவே வேண்டாம். நீர் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஐந்தாம் படி: உடை, கால், பூச்சி

பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனக்கும், காயாது. மெல்லிய, தளர்வான, வெளிர்நிற செயற்கை இழைச் சட்டை போதும். தொப்பி வலையாக இருக்கட்டும். அக்குள், தொடையிடுக்கு, பையின் பட்டை உரசும் தோள் எல்லா இடத்திலும் வாஸ்லின் தடவுங்கள். தேங்காயெண்ணெய் அரை மணியில் கரைந்து போய்விடுகிறது.

நீர்புகாக் காலணி கோடைக்கு ஆகாது. மேலிருந்து வழியும் வியர்வையும் ஓடைத் தண்ணீரும் உள்ளே போனால் வெளியே வராது. வலைத்துணிக் காலணி, மெல்லிய காலுறை, பையில் ஒரு மாற்றுக் காலுறை. ஆழமான பற்கள் சேற்றில் பிடிக்கும். பாசி படிந்த ஈரக் கருங்கல்லில் எந்தக் காலணியும் பிடிக்காது. அங்கே ஓடாமல் குறுகிய அடி வைத்து நடங்கள்.

கொசு மருந்து போட்டுக்கொள்ளுங்கள். சிக்குன்குனியாவும் டெங்குவும் மொரீசியஸ், ரெயூனியன் இரண்டு தீவிலும் வந்திருக்கின்றன. எலிச்சிறுநீர் கலந்த சேற்றின் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் பரவலாம். காலில் ஆறாத வெட்டு இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். ஓடிய சில நாளில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் சேற்றில் ஓடியதைச் சொல்லுங்கள். புதருக்குள் மஞ்சள் குளவிக் கூடு இருக்கும். இங்கே 'முஷ் ஜோன்' என்பார்கள். கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவர் கிளையை உலுக்கிவிட்டுப் போவார், கொட்டு வாங்குவது பின்னால் வருபவர்.

ஆறாம் படி: ஓடும்போது

முதல் 20 நிமிடம் வேண்டுமென்றே மிக மெதுவாகப் போங்கள். உடலின் உள்வெப்பம் தொடக்கத்திலேயே ஏறிவிட்டால் அதை இறக்க இந்தக் காற்றில் வழியில்லை. பேச்சுதான் அளவுகோல். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சிரைக்காமல் சொல்ல முடிய வேண்டும். நாடி காட்டும் கைக்கடிகாரம் இருந்தால், குளிர்காலத்து மெல்லோட்டத்தின் நாடியை உச்சவரம்பாக வையுங்கள். வேகம் பத்து இருபது சதவீதம் குறையும். குறையட்டும். உடலுக்குள் நடக்கும் உழைப்பு அதேதான். மே மாதம் காற்று குளிரும்போது அந்த வேகம் தானாகத் திரும்பி வரும்.

ஏற்றங்களில் தொடையில் கை வைத்து நடங்கள். ஓடை வந்தால் தொப்பியை முக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளுங்கள், கழுத்திலும் முன்கையிலும் தண்ணீர் விடுங்கள். அடுத்து காற்று வீசும் திறந்த இடம் வருமானால் இது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அந்த நீர் உங்கள் வியர்வைக்குப் பதிலாகக் காயும். ஓய்வெடுப்பதையும் அப்படியே தேர்ந்தெடுங்கள். காற்றில்லாத அடர்ந்த நிழலைவிட, காற்று வரும் முகட்டில் ஒரு பாறையின் நிழல் மேல்.

தனியாகப் போகாதீர்கள். புழுக்கம் முதலில் கெடுப்பது யோசனையை. நமக்கு ஆகிவிட்டது என்று நமக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஏழாம் படி: எப்போது நிறுத்துவது, விழுந்தவருக்கு என்ன செய்வது

என் பின்கழுத்து சில்லிட்டதைச் சொன்னேனே, அதுதான் முதல் மணி. வெயிலில் குளிர், சிலிர்ப்பு, தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல், தடுமாறும் கால், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழல், காற்று, தண்ணீர், படுத்துக் காலை உயர்த்தி வைப்பது. பெரும்பாலும் அரை மணியில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகும் ஓடாமல் நடந்து இறங்குங்கள்.

பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். ஓடுகிறவர் உடல் வியர்வையில் நனைந்திருக்கும்போதே இது வரும். இந்த நொடியில் செய்ய வேண்டியது குளிர்விப்பது. தூக்கிக்கொண்டு ஓடுவது அப்புறம். அவசர மருத்துவ உதவி எண்ணான 114க்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் குளிர்விக்கட்டும். ஓடை அருகில் இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு, முகம் நீருக்கு மேல் இருக்கும்படி, கழுத்து வரை கிடத்துங்கள். நீர் இல்லையென்றால் எல்லோருடைய புட்டியையும் உடல் முழுக்க ஊற்றிச் சட்டையால் விடாமல் விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல் அரை மணிக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். களை வெட்டிய அந்தப் பெரியவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் செய்தது இதைத்தான்.

பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு எல்லா இடத்திலும் அலைவரிசை கிடைக்காது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எட்டாம் படி: வீடு திரும்பிய பின்

எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பு போட்ட நீர்மோர், ஊறுகாயோடு பழைய சோறு, ரசம் சாதம், எதுவானாலும் உப்பு இருக்கட்டும். மாலைக்குள் சிறுநீர் வெளிர்மஞ்சளுக்கு வர வேண்டும். மறுநாள் காலை எழுந்ததும் நாடி வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் அன்று ஓய்வு.

காலணியை உடனே கழுவி, உள்தளத்தை உருவி, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதிய தாள் வையுங்கள். கியூர்பிப், வாக்குவா பக்கம் இருப்பவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பிப்ரவரியில் காலணி ஒரே நாளில் காய்ந்து நான் பார்த்ததில்லை.